லைனுக்கெல்லாம் ஒரே நம்பர்

எங்கள் பனியன் கம்பெனி அனுப்பர்பாளையத்தில், பாத்திரப் பட்டறைகளின் தட்டல் ஓய்ந்து தையல் மிஷின்களின் இரைச்சல் தொடங்குகிற தெருவில் இருக்கிறது. தையல் லைனுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே விதி. காலையில் வரும்போதே வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போனை வைத்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குத்தான் பெட்டி திறக்கும். செக்கிங் சூப்பர்வைசர் பூவாத்தாள் அக்காவுக்கு மட்டும் விலக்கு. துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் உடனே படம் எடுத்து, மாடியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் பிரிவில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அனுப்ப வேண்டும். அதற்காக அவர் இடுப்பில் ஒரு போன் எப்போதும் இருக்கும்.

இந்த விலக்குதான் அவரை லைனுக்கே தபால் ஆபீஸ் ஆக்கியது. பேங்குக்கு, கேஸுக்கு, பிஎஃப்புக்கு என்று எதற்கும் இப்போது ஓடிபி வேண்டியிருக்கிறது. அது வேலை நேரத்தில் வரும். பெட்டி பூட்டியிருக்கும். பெட்டியைத் திறப்பதற்குள் அது செல்லாமல் போய்விடும். யாரோ ஒரு டெய்லர் யோசித்துத் தன் நம்பருக்குப் பதில் பூவாத்தாள் அக்காவின் நம்பரைக் கொடுத்தார். வேலை நடந்தது. அடுத்தவரும் கொடுத்தார். சிம்மை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், போனை வீட்டுக்காரர் எடுத்துப் போய்விடும் பெண்கள் என்று நாளடைவில் பாதி லைன் அந்த ஒரே நம்பரில் குடியேறிவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கீழே இறங்கியபோது, ஓவர்லாக் மிஷின்களின் சத்தத்துக்கு மேலே ஒரு குரல் கேட்டது. "சாவித்திரி! கேஸு! ஆறு, நாலு, ஒண்ணு, ஒம்போது!" ஏதோ பீஸ் கணக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஓடிபி என்று பிறகுதான் தெரிந்தது. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். அந்தத் தைரியத்தில் அவரிடம் போனேன்.

"அக்கா, ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாதுங்க."

"நான் எங்க கண்ணு யாருக்கோ சொன்னேன்? அவங்கவங்களுக்குத்தான சொல்றேன்."

"லைன் முழுக்கக் கேக்குதுங்களே."

"கேட்டாத்தான அவ எந்திரிச்சு வருவா!"

மாடிக்கு வந்துவிட்டேன்.

பூவாத்தாள் அக்காவை அறிய வேண்டுமானால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் எந்த விசேஷத்தையும் விட்டவர் இல்லை. சீர், காதுகுத்து, புதுமனை என்று எங்கே இலை போட்டாலும் பந்தியில் ஓர் இடம் அவருக்கு. யாராவது பத்திரிகை கொடுத்தால் செய்கிற வேலையை விட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பிரித்துப் படித்துவிட்டுத்தான் மடிப்பார். பிரிக்காமல் வாங்கி வைப்பது அழைக்க வந்தவரை அவமதிப்பது என்பார். அவருடைய மகன் இளங்குமரன் கோயமுத்தூரில் வேலை பார்க்கிறான். அவனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆகவே அவருக்குக் கல்யாணப் பத்திரிகை என்றால் கூடுதல் அக்கறை.

ஆடி மாதக் கடைசி. ஆவணி முகூர்த்தங்களுக்குப் பத்திரிகைகள் பறந்துகொண்டிருந்த நேரம். டீ இடைவேளையில் அக்காவின் வாட்சப்புக்கு, எங்களுக்கு லேபிள் கொடுக்கும் தரணீதரன் நம்பரிலிருந்து 'கல்யாணப் பத்திரிகை' என்று ஒன்று வந்தது. 'இதையே நேரில் வந்து அழைத்ததாகக் கருதி' என்று மரியாதையாக ஒரு வரியும் இருந்தது. அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டுத் திறந்தார். அது திறக்கவில்லை. மாறாக ஒவ்வொன்றாக அனுமதி கேட்டது. கேட்டதற்கெல்லாம் சரி என்று அழுத்தினார். கடைசியில் வெறும் வெள்ளைத் திரை வந்தது. சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று டீயைக் குடித்து முடித்தார்.

கொஞ்ச நேரத்தில் மாடியில் எங்கள் போன்கள் வரிசையாகச் சிணுங்கின. எல்லோருக்கும் பூவாத்தாள் அக்காவிடமிருந்து கல்யாணப் பத்திரிகை! மேனேஜர், "அட, பையனுக்கு முடிஞ்சிருச்சா!" என்று நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். நானும் தொடத்தான் போனேன். இளங்குமரனுக்கு எந்தப் பெண் என்று தெரிந்துகொள்ளும் ஆசை. விரல் திரைக்கு மேலே நிற்கும்போது பெயரின் வாலில் ஏபிகே என்று இருப்பதைப் பார்த்தேன். பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும், நாதஸ்வரம் வைத்த வீடியோவாகக் கூட வரும். போனுக்குள் குடியேறி உட்கார்ந்துகொள்ளும் செயலியாக வராது. "யாரும் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே கீழே ஓடினேன்.

கல்யாணச் செய்தி எனக்கு முன்பே மாடியிலிருந்து இறங்கியிருந்தது; செக்கிங் டேபிளைச் சுற்றிக் கூட்டம். அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எந்த ஊருப் பொண்ணுங்க்கா? சொல்லவே இல்ல!"

"என்ற பையனுக்குக் கண்ணாலம்னு எனக்கே இப்பத்தான் தெரியுது" என்றார் அக்கா.

போனை வாங்கி முதலில் விமான முறையில் போட்டேன். வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தச் செயலி போனுக்கு வரும் குறுஞ்செய்திகளை எல்லாம் படித்து வேறு எவனுக்கோ அனுப்பும். ஓடிபி வந்தால் நமக்கு முன்னால் அவனுக்குத் தெரியும். தரணீதரன் போனிலும் இப்படித்தான் புகுந்து, தானே எல்லோருக்கும் பத்திரிகை அனுப்பியிருக்கிறது.

"எதுக்குங்க்கா எல்லாத்துக்கும் சரின்னு அழுத்துனீங்க?"

"அது என்னென்னமோ கேட்டுச்சு கண்ணு. பத்திரிகை வெக்க ஊட்டுக்கு வந்தவங்க ஒண்ணு கேட்டா இல்லைங்கவா முடியும்?"

சொல்லிவிட்டு அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. துணி மூட்டை மேலே உட்கார்ந்துவிட்டார். "என்றது போனாப் போச்சாது. இவங்க அத்தன பேரும் என்னை நம்பி நம்பரக் குடுத்திருக்காங்களே. யாருக்காச்சும் ஒண்ணு போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இந்த லைனுக்குள்ள வருவேன்?"

"சிம்மைக் கழட்டிட்டா எந்த ஓடிபியும் வராதுங்க்கா" என்றேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து மைதிலி பதறினாள். தேனிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் தைக்கிறவள். "அய்யய்யோ, கழட்டிராதீக! எம்மக கலந்தாய்வுல காலேஜ் வரிசையை இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பூட்டணும். பிரவுசிங் சென்டர்ல உக்காந்திருக்கா. அதுக்கு ஓடிபி அக்கா நம்பருக்குத்தான வரும்!"

"வேற நம்பர் மாத்த முடியாதா?"

"கேட்டா மக. மாத்துறதுக்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி போகுமாம்."

சிம் உள்ளே இருந்தால் மற்றவர்களின் பேங்குக் கணக்குகள் திறந்த வீடு. வெளியே எடுத்தால் மைதிலியின் மகளுக்குக் கல்லூரி இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று வருடம் நான் படித்ததெல்லாம் பரிட்சைத் தாளிலேயே தங்கிவிட்டதோ என்று ஒரு கணம் தோன்றியது. நெட்வொர்க் எத்தனை அடுக்கு என்று யாராவது கேட்டால் சொல்லிவிடுவேன். யாரும் கேட்கவில்லை. பிறகு மெல்ல ஒன்று புரிந்தது. திருடன் போனுக்குள் இருக்கிறான். சிம்முக்குள் இல்லை. எந்தச் செயலியும் ஏற முடியாத ஒரு போனில் சிம்மைப் போட்டால் போதும்.

அப்படி ஒரு போன் கம்பெனியில் ஒருவரிடம்தான் உண்டு. வாட்ச்மேன் நல்லான் அண்ணன். பட்டன் போன். அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"காலைல வரைக்கும் டப்பா போனு, டப்பா போனுன்னு சிரிச்சீங்களே! இப்பென்ன?"

"சாயங்காலம் வரைக்குந்தானுங்ணா. உங்க சிம்மைப் பத்திரமா வெச்சிருக்கேன்."

"என்ற ஊட்டுக்காரி கூப்புட்டா?"

"சுவிட்ச் ஆஃப்னு வருங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்பிடியா? சரி, வேணும்னா நாளைக்கி வரைக்கும் வெச்சுக்குங்க."

அக்காவின் சின்ன சிம் அந்தப் போனின் பெரிய குழியில் ஆடியது. பேக்கிங் பிரிவிலிருந்து டேப் வாங்கி ஒட்டினோம். சிக்னல் வந்தது. மேனேஜர் மரப்பெட்டியை வேலை நேரத்தில் திறக்கச் சொன்னார். அக்காவின் நம்பரைக் கொடுத்திருந்தவர்கள் அவரவர் பேங்குக்கு, பாஸ்புக்கில் இருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டு, கணக்கைத் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னார்கள். நான் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குப் போன் செய்து புகார் சொன்னேன். நடுவில் பட்டன் போன் ஒருமுறை கீச்சிட்டது. அக்காவின் பேங்கிலிருந்து ஓடிபி. அவர் எந்த ஓடிபியும் கேட்டிருக்கவில்லை. எங்கேயோ உட்கார்ந்து ஒருவன் முயன்றுகொண்டிருந்தான். அக்கா அந்தச் சின்னத் திரையைப் பார்த்து, "உனக்குச் சொல்ல மாட்டன், போடா" என்றார்.

அடுத்த வேலை, நடக்காத கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டவர்களை எச்சரிப்பது. என் போனிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதலில் வெள்ளகோவிலில் இருக்கும் அவருடைய அண்ணன் ரத்தினசாமி. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணா, நான் பூவாத்தாள் பேசறனுங்க."

"ஓஹோ, நம்பரும் மாத்தியாச்சா? தாய்மாமனுக்கு வாட்சப்புல பத்திரிகை அனுப்பற அளவுக்குப் பெரிய மனுசியாயிட்ட!"

"கண்ணாலமே இல்லீங்ணா."

"நின்னு போச்சா?"

"வெக்கவே இல்லீங்!"

"பொண்ணூட்டுக்காரங்க என்ன சொல்றாங்க?"

"பொண்ணே இல்லீங்ணா!"

அந்தப் பக்கத்திலிருந்து தாழ்ந்த குரலில், "அட சாமி... ஓடிப் போச்சா?"

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அதை வுடுங்ணா. அந்தப் பத்திரிகையத் தொறந்தீங்களா?"

"எதுக்குத் தொறக்கோணும்? தட்டத்துல வெத்தலை பாக்கு வெச்சு நேர்ல கூப்புடாதவ பத்திரிகைய நான் தொட்டுக்கூடப் பாக்க மாட்டேன். உன்ற அண்ணிகிட்டயும் தொடக்கூடாதுன்னு சொல்லிப்போட்டேன்."

"அய்யோ அண்ணா, நல்லா இருங்கோ!" என்று அக்கா அழுதேவிட்டார். அவர் திட்டியதற்கு இவள் ஏன் வாழ்த்துகிறாள் என்று அந்தப் பக்கம் குழம்பியிருப்பார்கள். ஒறம்பரைச் சொந்தங்களில் முக்கால்வாசிப் பேர் இதையேதான் சொன்னார்கள். கோபத்தில் யாரும் திறக்கவில்லை. நேரில் வர வேண்டியது போனில் வந்தால் ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேள் என்று நான் ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கலாம். கொங்கு நாட்டு வீம்பு அதைத் தானே செய்து முடித்திருந்தது.

திறந்தவர் அவிநாசிபாளையத்தில் ஒரு சித்தப்பா மட்டும். அவரும் சிக்னல் இல்லாத தோட்டத்தில் திறந்ததால் அது பாதியில் நின்றிருந்தது. அழித்துவிடச் சொன்னோம்.

அஞ்சு மணி நெருங்கும்போது பட்டன் போன் மறுபடியும் கீச்சிட்டது. கலந்தாய்வு ஓடிபி. மைதிலி லைனின் மறுகோடியில் தன் போனில் மகளைப் பிடித்துவைத்துக்கொண்டு நின்றாள். அக்கா எழுந்தார். வழக்கம்போல மூச்சை இழுத்து, "மைதிலி! காலேஜு!" என்று தொடங்கினார். தையல் லைன் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. வாயைப் பொத்திக்கொண்டார். போனைச் சேலைத் தலைப்பால் மூடி, தூங்கும் குழந்தையைக் கொண்டுபோவது போல மிஷின்களுக்கு நடுவே நடந்துபோய், மைதிலியின் காதில் சொன்னார்.

"என்னது? கேக்கலக்கா!"

மறுபடி சொன்னார்.

"மிசினு சத்தமா இருக்குக்கா, உரக்கச் சொல்லுங்க!"

"உரக்கச் சொல்லக் கூடாதாம்டி!" என்று உரக்கச் சொல்லிவிட்டு, திரையையே அவள் கண்ணுக்கு முன்னால் நீட்டினார். மைதிலி எண்களை மகளுக்குப் படித்தாள். அந்தப் பக்கம் பிரவுசிங் சென்டரிலிருந்து "பூட்டியாச்சும்மா!" என்று சத்தம் வந்தது. கையில் வைத்திருந்த பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள் மைதிலி. அது ஏற்றுமதி பீஸ் என்று அக்கா சத்தம் போட்டார்.

யாருடைய பணமும் போகவில்லை. அக்காவின் போனை முழுக்கத் துடைத்துப் புதிதுபோல ஆக்கினோம். தினமும் காலையில் எல்லோருக்கும் அனுப்பச் சேர்த்து வைத்திருந்த ரோஜாப்பூப் படங்கள் போய்விட்டதே என்று இரண்டு நாள் வருந்தினார். வாட்சப்பைத் திரும்ப ஏற்றியதும் யாரும் நுழையாதபடி அதற்கு ஒரு ரகசிய எண் வைத்துக் கொடுத்தேன். என்ன எண் என்று என்னிடமே சொல்ல மறுத்துவிட்டார். நல்ல அறிகுறி.

அன்று வீட்டுக்குப் போய் என் போனைப் பார்த்தேன். ஒரு டார்ச் செயலி என் தொடர்பு எண்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. விளக்குப் போட என் அத்தை நம்பர் எதற்கு? நானேதான் அனுமதி கொடுத்திருக்கிறேன். எப்போது என்று நினைவில்லை. அக்காவிடம் கேட்ட கேள்வியை என்னிடம் கேட்டுக்கொண்டேன். கேட்டால் மறுப்பது திமிர் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நானும்தான். பட்டம் அந்த வளர்ப்பின் மேலே ஒட்டிய ஸ்டிக்கர் போல இருக்கிறதா, உள்ளே இறங்கியிருக்கிறதா, இன்னும் எனக்குத் தெரியவில்லை. டார்ச்சை மட்டும் அன்றே நீக்கிவிட்டேன்.

அடுத்து வந்த வாரங்களில் அவரவர் நம்பரை அவரவர் கணக்கில் மாற்றும் வேலை நடந்தது. டீ இடைவேளையிலும் மரப்பெட்டியைத் திறக்க மேனேஜர் ஒப்புக்கொண்டார். சிலர் மாற மறுத்தார்கள். உங்ககிட்ட இருந்தாத்தான் பத்திரம் என்றார்கள். அக்கா விடவில்லை. மாற்றாதவர்களின் பீஸில் இல்லாத குறையெல்லாம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். கடைசி ஆளும் மாற்றியாயிற்று.

ஒருநாள் டீ நேரத்தில் பெட்டி திறந்ததும், மைதிலி தன் போனை எடுத்துக்கொண்டு செக்கிங் டேபிளுக்கு ஓடி வந்தாள். அவள் நம்பருக்கே கலந்தாய்விலிருந்து செய்தி வந்திருந்தது. "அக்கா, இங்க பாருங்க, இங்க பாருங்க!" என்று திரையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

பூவாத்தாள் அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"எனக்குக் காட்டாத புள்ள, மறைச்சு வெய்யி. உன்ற மகளுக்கு எந்தக் காலேஜு கெடச்சிருக்குன்னு வாயால சொல்லு, போதும்."

மைதிலி சொன்னாள். கண்ணைத் திறந்த அக்கா, ஓவர்லாக் இரைச்சலுக்கு மேலே, கோடியில் இருப்பவருக்கும் கேட்கும்படி அந்தக் கல்லூரியின் பெயரைக் கூவினார்.