வைகைப் பாலம் வராத வழி

பத்தாவது வரை படித்தவள் நான். கோயில் குளம் போய் வந்தவர்கள் பயணம் எழுதும் இந்தப் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனதை எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டி. கல்லுப்பட்டியில் காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறினோம். மதுரை நாற்பது கிலோமீட்டருக்கு மேல். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. கருவேல முள் குத்தி, இடது கால் சுண்டுவிரல் கறுத்துவிட்டது. இன்றே போகாவிட்டால் காலே போய்விடும் என்று உள்ளூர் டாக்டர் சொல்லியிருந்தார். திருமங்கலம் தாண்டும்வரை, கறுப்பு மேலே ஏறுகிறதா என்று குனிந்து பார்த்தபடியே வந்தேன்.

"காலையே பாத்துட்டு வாரியே, மூஞ்சியையும் கொஞ்சம் பாரு" என்றார் அவர்.

எட்டரைக்குப் பழங்காநத்தத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். இருநூறு ரூபாய். "பெரியாஸ்பத்திரி போகணும் தம்பி" என்றேன். மதுரையில் அப்படிச் சொன்னால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அரசு மருத்துவமனைதான்.

வெகுநேரம் ஓடிய பிறகு என் வீட்டுக்காரர் டிரைவரிடம் கேட்டார். "வைகைப் பாலமே வரலையே மாப்ள?"

"பெரிய ஆஸ்பத்திரின்னுதானண்ணே சொன்னீக? ரிங் ரோட்டுல இதவிடப் பெருசு இல்ல. காப்பீட்டுக் கார்டும் எடுப்பாக."

இறங்கிய இடம் தனியார் ஆஸ்பத்திரி. கண்ணாடிக் கதவு. உள்ளே குளிர். வரவேற்பில் இருந்த பெண் எங்கள் அரசு காப்பீட்டுக் கார்டைக் கணினியில் பார்த்தாள். அவர் காலை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

"விரலை எடுக்கிறதுக்குக் கார்டுல பேக்கேஜ் இருக்கும்மா, பணம் கட்ட வேண்டாம். கட்டுப் போட்டு மருந்து ஏத்திக் காப்பாத்துறதுக்கு இல்ல. அதுக்கு நீங்க கட்டணும். எது போடட்டும்?"

நான் கார்டைத் திரும்ப வாங்கி மடியில் செருகினேன்.

"இம்புட்டுப் பெரிய கடையில சில்லறை வியாபாரம் கிடையாது போல" என்று அவர் எழுந்துவிட்டார்.

வெளியே அதே ஆட்டோ நின்றது. "ஏறுங்கக்கா, இப்பப் பாலம் வரும்" என்றார் டிரைவர்.

பெரியாஸ்பத்திரியில் பத்தரை மணிக்கு வரிசையில் நின்றோம். கட்டில் காலியில்லை. தரையில் பாய் விரித்துக்கொண்டோம். நர்ஸம்மா வந்து, "கார்டு இருக்கா?" என்றார். காட்டினால் வெட்டத்தான் எழுதுவார்கள் என்று பட்டது. "இல்லம்மா" என்றேன். கார்டு என் மடியில் இருந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், காட்டிக்கொடுக்கவில்லை.

"இல்லாட்டியும் பாப்பாங்க" என்று நர்ஸம்மா அடுத்த பாய்க்குப் போனார்.

டாக்டர் மண்டியிட்டு, பாதத்தை இடம் இடமாக அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். சுண்டுவிரலில் தெரியவில்லை. பக்கத்து விரலில் தெரிந்தது.

"மருந்து ஏத்துவோம். நாளைக்குப் பாத்துச் சொல்றேன்."

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு கதவுதான், கார்டு கேட்க ஆள் கிடையாது. அதில் நுழைய இதுவரை நான் பயந்ததில்லை. அன்று மடியில் இருந்த அட்டைக்கே பயந்து உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் டாக்டர் பாதத்தை மறுபடி அழுத்திப் பார்த்தார்; சுண்டுவிரலை மட்டும் எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் மடியில் இருந்த கார்டை எடுத்து நர்ஸம்மாவிடம் கொடுத்தேன்.