ஹோலிக்குப் போன கட்டில்

எங்கள் மாமாவுக்குக் குற்றவாளி ஒருவன் கண்ணில் படாவிட்டால் சோறு இறங்காது. மதராஸில் கெட்டுப்போன பையன்களைத் திருத்தும் உத்தியோகம் அவருக்கு. மராத்திச் சீமையில், கட்கியில் அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, லீவில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? குடியிருப்புச் சங்கத்தைக் கூட்டி ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார். ஒரே பையன் மேல் மூன்று புகார் வந்தால் அவன் திருந்தாத கேஸ். சீர்திருத்தப் பள்ளிக்குச் சிபாரிசு. எல்லாரும் கைதட்டினார்கள். அப்பாதான் பலமாகத் தட்டினார்.

ஒரே வாரத்தில் திட்டம் தன் ஆளைக் கண்டுபிடித்தது. என் அண்ணன்தான். கொய்யா திருடியது ஒன்று, சங்கச் செயலாளர் வீட்டுக் கண்ணாடியை உடைத்தது இன்னொன்று. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து ஹோலி வந்து தொலைத்தது. எங்கள் பக்கத்தில் ஹோலி நெருப்புக்கான விறகைப் பையன்கள் திருடித்தான் சேர்ப்பார்கள். பறிகொடுத்தவர்கள் பேருக்கு நாலு திட்டு திட்டுவதோடு சரி. ஆனால் அண்ணன் நெருப்பில் தூக்கிப் போட்டது விறகை அல்ல. அடுத்த வீட்டு மராத்திக்கார அம்மாள், நாங்கள் சித்தி முறையில் காக்கூ என்று கூப்பிடுபவர், முற்றத்தில் போட்டிருந்த மரக்கட்டிலை.

"தம்பி, அவன நானே அடிச்சுத் திருத்தறேன். அந்த ஸ்கூல் மட்டும் வேணாம்டா" என்று அம்மா அழுதாள்.

"திட்டம்னா திட்டம்தான்க்கா. சொந்த மருமகன விட்டா எவன் மதிப்பான்?" என்று மாமா செயலாளரையும் கூட்டிக்கொண்டு காக்கூ வீட்டுக்குக் கிளம்பினார். அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

காக்கூ எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். மாமா புகார் என்றதும் அம்மாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"என்ன புகார்? ஹோலிக்குன்னு நான்தான் வெளியே போட்டது. நாலு நாளா ஒருத்தனும் தொடலே, எல்லாம் சோம்பேறி. இவன் ஒருத்தன்தான் வேலை செய்யற பையன்."

அண்ணனுக்கு அதற்குள் உயிர் வந்துவிட்டது. "அடுத்த வருஷத்துக்கு பீரோ ஏதாவது இருக்கா காக்கூ?" என்று கேட்டு அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கினான். புகார் கொடுக்கத் தெரியாத ஊரில் திட்டம் எதற்கு என்று மாமா மதராஸுக்கு ரயிலேறிவிட்டார்.

அந்தக் கோடை முழுக்கக் காக்கூ தரையில் பாய் விரித்துத்தான் படுத்தார். எழும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். ஏன் என்று கேட்டேன். தரையில் படுத்தால் முதுகுக்கு நல்லதாம். எவ்வளவு விவரமான மனுஷி என்று வியந்து, நானும் என் தலையணையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.