சைகோன் டின்

பாகூரில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் பிரெஞ்சு படித்தவள் நான் ஒருத்திதான். புதுச்சேரிப் பள்ளிக்கூடத்தில் செர்த்திபிக்கா பரீட்சை வரை போயிருந்தேன். பிரெஞ்சுக் கொடியை இறக்கி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. நோட்டீஸ்கள் இங்கிலீஷுக்கு மாறிக்கொண்டிருந்தன. காகிதத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் குறைந்துபோனதில் எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்.

அடுத்த தெருவில் இருந்த என் நாத்தனாரின் மகளுக்கு அப்போது ஐந்து வயது. வயிறு உப்பி, கை கால் குச்சியாகி, ஓயாத வயிற்றுப்போக்கு. கோதுமை துளிகூட ஆகாது என்று டவுன் டாக்டர் நிறுத்திய பிறகுதான் பிள்ளை தேறியது. ரொட்டி, ரவை, பிஸ்கட் எதுவும் கிடையாது. நெல் விளைகிற ஊரில் அது பெரிய கஷ்டமில்லை. கடைப் பண்டம் வந்தால்தான் வம்பு. அதை நாத்தனார் என்னிடம் கொண்டுவருவாள், நான் படித்துச் சொல்வேன்.

சைகோனில் இருந்த மாமனாரின் தம்பி ஆள் மூலம் ஒரு டின் அனுப்பினார். மேலே கிண்ணம் நிறைய மஞ்சள் இனிப்பின் படம். பாலில் போட்டுக் கிளறினால் போதுமாம். வீடே கூடிவிட்டது. குழந்தை டின்னைக் கட்டிக்கொண்டு விடவில்லை.

"அண்ணி, கோதும கீதும இல்லியே? நல்லா பாத்து சொல்லுங்க," என்றாள் நாத்தனார்.

டின்னில் போட்டிருந்த சாமான் பட்டியலை உரக்கப் படித்தேன். சர்க்கரை தெரிந்தது, வனிலா தெரிந்தது. முதலில் இருந்த சொல் தெரியவில்லை. பள்ளியில் பிரெஞ்சு தேசத்து ஆறுகளையும் ராஜாக்களையும் சொல்லிக்கொடுத்தார்கள், மளிகைச் சாமான்களை யாரும் சொல்லித் தரவில்லை. மாமனாரும் என் கணவரும் என் வாயையே பார்த்தார்கள். தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"ஒண்ணுமில்ல. குடுக்கலாம்," என்றேன்.

நானேதான் கிளறினேன். டின்னைச் சாய்த்தபோது குருணையாக விழுந்தது. பால் சூடேறியதும் கரண்டிக்கு அடியில் பழக்கமான நறநறப்பு. கேசரி கிளறுகிற கைக்கு ரவை தெரியாதா? அரிசி நொய்யாகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போதுகூட இறக்கிவைத்து, இது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். முதல் கிண்ணத்தை அவளுக்குத்தான் கொடுத்தேன்.

"அத்த, இன்னுங் கொஞ்சம்," என்றாள். கொடுத்தேன்.

மறுநாள் நாத்தனார் பிள்ளையோடு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தாள். அன்று சாயங்காலமே வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. நாலு நாளில் குழந்தைக்குக் கண் உள்ளே போய்விட்டது. டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"கல்யாண வூட்டுல இன்னா குடுத்த? கேசரியா?" என்று என் கணவர் தங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"சோறும் ரசமுந்தாண்ணா குடுத்தேன்," என்று அழுதாள். பிறகு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "நா அசந்த நேரத்துல எடுத்துத் தின்னுடுச்சோ இன்னாவோ."

அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். டின்னில் மிச்சமிருந்ததை மாட்டுத் தொட்டியில் கொட்டிக் கழுவிவிட்டேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

குழந்தை பிழைத்து, எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தாள். சில மாதம் கழித்து நாத்தனார் ஒரு சாக்லேட் பொட்டலத்தோடு வந்தாள். மேலே பிரெஞ்சு எழுத்து.

"எனக்குத் தெரியல. குடுக்காத," என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன்.

அவள் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"புரியுது அண்ணி. நீங்க ஒழுங்காதான் பாத்து சொன்னீங்க, நாந்தான் புள்ளைய கவனிக்காம வுட்டுட்டேன். மறுபடியும் அப்படி ஆயிடும்னு பயப்படறீங்க. மனசுல வெச்சிக்காதீங்க."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள்.