முப்பத்தோராம் நாள் சவரம்

காலையில் குளியலறையில் சவர நுரையின் மூடியைத் திறந்தேன். எலுமிச்சை வாசம் அடித்தது. திரும்ப மூடிவிட்டேன்.

"இண்டைக்காவது ஷேவ் எடுங்கோவன். வேலையில ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்றாள் மனைவி.

"ஓம், பாப்பம்" என்றேன். ஒரு மாதமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வால்டர் அண்ணை செத்து இன்றோடு முப்பத்தொரு நாள். செய்தி வந்தபோது, இங்கே டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரத்துக் கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டு நின்றேன். கேட்டேன். அடுத்த பெட்டியைத் தூக்கினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒன்றுமே தோன்றவில்லை. பல்லுக்கு ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, அப்படி. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

அண்ணை என்றதும் யாழ்ப்பாணத்து ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அலபாமாவில் பிறந்த கறுப்பு அமெரிக்கர். டெனிஷ் பெண்ணொருத்தியைக் கலியாணம் முடித்து இங்கே வந்து, ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் இரண்டு நாற்காலியோடு சலூன் வைத்திருந்தார். எங்கள் சனம், சோமாலியர், டெனிஷ் கிழவர்கள் எல்லாரும் அங்கேதான். கொம்யூன் என்கிற நகரசபையிலிருந்து கடிதம் வந்தால், தலைமயிர் வளராவிட்டாலும் அவரிடம் ஓடுவோம். கண்ணாடியை மூக்கில் இறக்கி வாசித்து, பதிலும் எழுதித் தருவார். வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்கள் மயிர் வெட்ட வரமாட்டார்கள் என்பதுகூட அவருக்குப் பாடம்.

வந்த புதிதில் நான் ஒரு மடைத்தனம் செய்தேன். ஊரில் சவரத் தொழிலாளி வீட்டுக்கு வருவார், பின்வளவால். எங்களைவிட எவ்வளவு மூத்தவரானாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அந்தப் புத்தி விமானம் ஏறி என்னோடேயே வந்திருந்தது. "வீட்டை வந்து வெட்டுவீரா? பின்பக்கமும் ஒரு கதவு இருக்கு" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை டெனிஷில் கேட்டேன்.

கத்தரிக்கோல் நின்றது. அவர் டெனிஷில் சொன்னதை எங்கள் தமிழில் சொல்கிறேன்: "எங்கட ஊரில வெள்ளையள் என்ர அப்பாவைக் கடையளுக்குள்ள பின்கதவாலதான் விட்டவங்கள். அதாலதான் என்ர கடைக்கு ஒரே ஒரு வாசல். நீயும் அதாலதான் வரோணும். நானும் அதாலதான் வாறன்."

பிறகு ஒன்றும் நடக்காததுபோல என் காதோரம் வெட்டினார். எனக்குக் காது சுட்டது. அடுத்தமுறை போனபோது 'வால்டர் அண்ணை' என்று கூப்பிட்டேன்.

அப்பா ஊரில் செத்தது, சண்டையில் பாதை பூட்டிக் கிடந்த காலத்தில். மூத்த மகன் நான் இங்கே. தம்பிதான் கொள்ளி வைத்தான். நான் வேலைக்குப் போய் வந்தேன். அப்போதும் இப்படி மரக்கட்டைபோலத்தான் இருந்தேன். துடக்கு, அதுதான் சாவுத் தீட்டு, கழியும் முப்பத்தோராம் நாள்வரை சவரம் எடுக்காமல் இருந்தேன். என்னால் முடிந்தது அது ஒன்றுதான். அன்றைக்கு வால்டர் அண்ணையிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கதவைப் பூட்டினார். நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டத் திருப்பிவிட்டார்.

"அழுறதெண்டா அழு. ஒருத்தரும் பாக்கேல்லை."

அழுகை வரவில்லை. அவர் அவசரப்படவும் இல்லை. சுடுதண்ணியில் நனைத்துப் பிழிந்த துவாயை முகத்தில் வைத்துவிட்டு, "அப்பாவுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?" என்று கேட்டார். ஒடியல் கூழ் என்றேன். அது என்னவென்று கேட்டார். பனங்கிழங்கு மா, நண்டு, இறால் என்று விளங்கப்படுத்தத் தொடங்கினேன். இறாலில் குரல் உடைந்துவிட்டது. அந்தத் துவாய்க்குள் கிடந்து குழந்தைப்பிள்ளைபோல அழுதேன். அதற்குப் பிறகுதான் சவர நுரையைப் பூசினார். எலுமிச்சை வாசம்.

"அவர் எங்கட சொந்தமில்லையே, அப்பா" என்றாள் மகள் போன கிழமை, என் தாடியைப் பார்த்து, டெனிஷில். தேத்தண்ணியைக் குடித்தேன்.

இன்று லீவு சொல்லிவிட்டு அந்தப் பின்தெருவுக்குப் போனேன். கால் இயலாமல் அவர் கடையைக் கொடுத்து இரண்டு வருடம். இப்போது அங்கே ஃபோன் திருத்துகிறார்கள். தெரிந்துதான் போனேன். வாசல் மட்டும் அதே ஒற்றை வாசல். அதால் உள்ளே போனேன்.

"என்ன வேணும்?" என்று கடைக்காரர் கேட்டார்.

நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவின் துடக்குக் கழிய என் முகத்தை வழிக்க வால்டர் அண்ணை இருந்தார். வால்டர் அண்ணையின் துடக்குக் கழிய யாரிடம் போய் உட்காருவது?

"ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டுத் தாடியோடேயே பஸ் ஏறினேன்.