அமாவாசை ரூம்

கோதண்டத்தின் ரூமைப் பற்றி வெளியாள் யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். நானும் சிரித்திருக்கிறேன், அது வேறு. நான் எதிர் வீட்டுக்காரன், அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். அரக்கோணம் ரயில்வேயில் வேலை கிடைத்து நான் தறியை விட்டுவிட்டேன், அவன் விடவில்லை. சிரிப்பதற்கு எனக்கு உரிமை உண்டு, மற்றவர்களுக்கு என்ன வந்தது?

திருத்தணி மலையடிவாரத்தில் எங்களுடையது நெசவுத் தெரு. ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். வீட்டுக்கு வீடு கூடத்தில் குழித்தறி. விடிந்ததிலிருந்து நடுச்சாமம் வரை டக் டக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். வெளியூரிலிருந்து பெண் எடுத்தால் அந்தப் பெண் முதல் ஒரு வாரம் தலைவலி என்பாள். அப்புறம் அவளுக்கும் அது கேட்காமல் போய்விடும். நாங்களெல்லாம் அந்தச் சத்தத்தில் பிறந்தவர்கள், அதைச் சத்தம் என்று யாரும் கணக்கில் எடுத்ததில்லை. எல்லாக் கேடும் அங்கேதான் ஆரம்பித்தது.

கோதண்டம் கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்ச காலம் மைக்செட்காரரோடு ஊர் ஊராகச் சுற்றியவன். ஒயர், ஆம்ப்ளிபயர் எல்லாம் அவனுக்குக் கைப்பழக்கம். அவன் மனைவி அம்சா நூல் சுற்றிக்கொண்டே பாடுவாள். ஆங்கில வருஷப் பிறப்புக்கு முதல் நாள் படித் திருவிழாவில் படிக்கொரு பாட்டாகப் பஜனை கோஷ்டிகள் மலையேறும் அல்லவா, அம்சா பாடத் தொடங்கினால் மற்ற கோஷ்டிகள் வாயை மூடிக்கொண்டு நின்று கேட்கும். நான் ஒன்றும் சங்கீதம் தெரிந்தவன் இல்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும், அவ்வளவுதான் சொல்லத் தெரியும்.

எழுபத்தைந்தில் படித் திருவிழாவின்போது மெட்ராஸ் ரிக்கார்டு கம்பெனி ஆள் ஒருவர் அதைக் கேட்டுவிட்டார். வந்து பாடச் சொன்னார். கோதண்டம் கூட்டிக்கொண்டு போனான். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் நாலு பேர் உட்கார்ந்துகொண்டு கையைக் காட்ட, அம்சாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு வரி வரவில்லை. அந்த ஆள் நல்லவர்தான். "எங்க வேணா பாடி டேப் கொண்டாங்க. ஆனா குரலைத் தவிர வேற சத்தம் இருக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்.

ரயிலில் வரும்போது அம்சா சொன்னாளாம்: "நம்ம வூட்ல பாடச் சொன்னா நான் பாடிடுவேங்க. கம்பெனிக்காரன் கேக்கலன்னா போறான். வேற சத்தம் இல்லாம என் குரல் எப்டி கீதுன்னு நானே ஒருவாட்டி கேக்கணும்."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை கோதண்டத்தைப் பிடித்துக்கொண்டது.

மெட்ராஸில் அம்சா வாயடைத்து நின்றபோது இவன் அந்த ரூமில் கையைத் தட்டிப் பார்த்திருக்கிறான். தட்டிய சத்தம் தட்டின இடத்திலேயே விழுந்து அடங்கிப்போனதாம். எதிரொலியே இல்லை. சுவருக்குள் என்னவோ பஞ்சு மாதிரி வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். பஞ்சுக்கா எங்கள் தெருவில் பஞ்சம்?

வீட்டின் பின்கட்டில் ஒரு ரூம். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தான். சுவர் முழுக்க மரச்சட்டம் அடித்து, இடைவெளியில் பொதட்டூர்பேட்டையிலிருந்து மூட்டை மூட்டையாகக் கழிவு நூலைக் கொண்டுவந்து திணித்தான். மேலே ஓடு தெரியாமல் சாக்குக் கட்டி அதற்குள்ளும் நூல். கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு, விளிம்பெல்லாம் சைக்கிள் ட்யூப் வெட்டி ஒட்டியது. சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டத் துணி வேண்டுமே, நெசவில் பழுதான லுங்கிகளைக் கட்டினான். உள்ளே போனால் நாலு சுவரும் லுங்கி கட்டிக்கொண்டு நிற்கும். நான் சிரித்தது அப்போதுதான்.

"சிரி தணிகா, சிரி" என்றான். "கைய தட்டிப் பாரு."

தட்டினேன். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ என் கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அம்சா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "எம்மா அமைதியா கீது" என்றாள். என் இரத்த ஓட்டமே எனக்குக் கேட்டது. மெட்ராஸில் கூட இப்படி இருக்காது என்று நானே சொன்னேன். நானும் ஒரு மடையன்.

ஏன் மடையன் என்றால், அன்றைக்கு அமாவாசை. அமாவாசை அன்று எங்கள் சாதியில் தறியில் உட்கார மாட்டோம். தாத்தன் காலத்து வழக்கம், தெரு முழுக்க லீவு. மற்ற நாளெல்லாம் நெய்துவிட்டு அந்த ஒரு நாளில்தான் கோதண்டத்துக்குக் கை ஓயும். ஆணி அடித்தது, நூல் திணித்தது, கை தட்டியது, அந்தத் தட்டலை மைக்செட்காரரிடம் வாங்கிய டேப் மெஷினில் பதிந்து கேட்டது, எல்லாமே ஒன்றரை வருஷமும் அமாவாசைகளில். வேறொரு ஊர்க்காரன் கட்டியிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை. தறிச் சத்தம் ஒரு சத்தம் என்பதே எங்களுக்கு ஞாபகம் இல்லை.

முதல் பாட்டு முருகன் பாட்டு, அதனால் கிருத்திகையன்றுதான் பதிய வேண்டும் என்றாள் அம்சா. நியாயம்தானே. ஆவணிக் கிருத்திகை, காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு மலைக்குப் போய்வந்து உள்ளே உட்கார்ந்தாள். இந்தத் தடவை தொண்டை அடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். முடிந்ததும் கோதண்டம் அந்தப் பழைய ஸ்பூல் மெஷினில் டேப்பைத் திருப்பிப் போட்டான்.

அவள் குரல் வந்தது. குரலுக்கு அடியில் டக் டக், டக் டக்.

நானும் அங்கேதான் இருந்தேன். முதலில் மெஷின் கோளாறு என்றான் கோதண்டம். அப்புறம் சுவரில் காதை வைத்தான். அப்புறம் தரையில் படுத்துக் காதை வைத்தான். பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் அம்சாவின் அண்ணன் ஜெகநாதன் நெய்துகொண்டிருந்தார். அவருக்கு அப்பால் இன்னொருவர். எல்லாத் தறியும் குழி வெட்டி மண்ணில் நட்ட தறி, ஒவ்வொரு அடியும் தரை வழியாக வருகிறது. ரூமுக்குள் எழும் சத்தத்தை நூல் குடித்துவிடும். ஆனால் மண்ணில் நடந்து வருகிற சத்தத்தை அது என்ன செய்யும்? கோதண்டம் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. "இதுகூட தெரியாம கட்னேனே" என்று மட்டும் சொன்னான்.

அம்சாதான் தேற்றினாள். "அதனால இன்னாங்க, ராவெல்லாம் முழிச்சாத்தான் தொண்ட கட்டிக்கும், அமாவாசைக்குப் பாடிட்டா போச்சு."

அடுத்த அமாவாசை அன்று ஓட்டின் மேல் அடைமழை. அதற்கடுத்த அமாவாசைக்கு அவளுக்குச் சளி கட்டிக்கொண்டது. அதற்கும் அடுத்த அமாவாசை வருவதற்குள் ஜெகநாதன் குழியை மூடிவிட்டு ரெண்டு பவர்லூம் இறக்கினார்.

பவர்லூமைக் கேட்டிராதவர்களுக்கு என்ன சொல்வது? கைத்தறி தட்டும், இது அறையும். பொதுச்சுவரிலிருந்து காரை உதிரும். அதற்கு அமாவாசை கிடையாது, ஆள் மாற்றி ஆள் ஓட்டுவார்கள். வழக்கமெல்லாம் குழிக்குள்ளேயே புதைந்துபோயிற்று.

கோதண்டம் போய்க் கேட்டான். நானும் கூட நின்றேன்.

"பாவா, அமாவாசைக்கு ஒரு மணி நேரம் நிறுத்தினீங்கன்னா போதும். உங்க தங்கச்சிக்காகத்தான் கேக்கறேன்."

ஜெகநாதன் கெட்டவர் இல்லை. "நீ கேட்டா நிறுத்திட்றேன் மாப்ளே. ஆனா அந்தாண்ட சிங்காரம் வூட்ல நாலு மிஷின் ஓடுது. கோடி வூட்ல புச்சா எறக்கிகினு கீறான். தெருவையே வாயப் பொத்தச் சொல்லுவியா?"

இவன் சொல்லத்தான் செய்தான். வீடு வீடாக ஏறி இறங்கினான். சிலர் தலையாட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். சிங்காரத்தின் மனைவி வாசலில் நின்று, "ஒருத்தி பாடணும்னு ஊரே அடுப்ப அணைக்கணுமா?" என்று கேட்டாள். அது எங்கள் வாசல் வரைக்கும் கேட்டது. அம்சா வெளியே வந்து புருஷன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனாள். "எனக்காக நீங்க யார் கால்லயும் வுழ வேணாம்" என்றாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குச் சிங்காரத்தின் மனைவி மேல் அப்படி ஒரு ஆத்திரம். ஆனால் அவள் சொன்னதில் என்ன தப்பு என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வியாபாரிகள் கைத்தறிக்கு நூல் கொடுப்பது குறைந்துகொண்டே வந்து நின்றது. கோதண்டம் மறுபடியும் மைக்செட்காரரிடம் போனான். அம்சா அண்ணன் வீட்டில் பவர்லூம் ஓட்டப் போனாள். ரெண்டு மிஷினுக்கு நடுவில் நின்று, அறுந்த இழையை முடிந்து முடிந்து, பத்து வருஷம். ரூமின் ரெண்டு கதவும் சாத்தியே கிடந்தன. அதற்குள் எதையும் போட்டு வைக்க மட்டும் கோதண்டம் விடவில்லை. மூட்டை வைக்க இடம் கேட்டவர்களிடம், "அது பாட்ற ரூமு" என்பான். தெருவில் அதற்கு அமாவாசை ரூம் என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள்.

அந்தப் பத்து வருஷத்தில் எங்கள் தெருவே கத்திப் பேசப் பழகிவிட்டது. கத்தாவிட்டால் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. எல்லோரும் கத்தினோம், எல்லோரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொண்டோம். அதனால் யாருக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

எண்பத்தெட்டு கோடையில் மின்வெட்டு வந்தது. மதியம் கரண்ட் நின்றால் தெரு முழுக்க அப்படியே நின்றுவிடும். முன்பும் எப்போதாவது நின்றதுண்டு, ஆனால் ஸ்பூல் மெஷினும் கரண்டில்தானே ஓடும். அதுவும் ஊமையாக உட்கார்ந்திருக்கும். இந்தத் தடவை துபாயிலிருந்து வந்திருந்த என் மச்சான் பேட்டரியில் ஓடும் கேசட் ரிக்கார்டர் ஒன்று கொண்டுவந்திருந்தான். அதை நான்தான் கோதண்டத்திடம் கொடுத்தேன். அவன் அதைக் கையில் வாங்கியபோது அவன் முகம் பழையபடி ஆனது.

மறுநாள் கரண்ட் நின்றதும் மூவரும் உள்ளே போனோம். லுங்கிகள் சாயம் வெளுத்திருந்தன, நூலில் எலி பூந்த ஓட்டைகள். ஆனாலும் கோதண்டம் கையைத் தட்டினான், சத்தம் அங்கேயே விழுந்து அடங்கியது. பத்து வருஷத்துக்குப் பிறகு அவன் சிரித்தான். தரையில் காதை வைத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. எங்கோ தெருக்கோடியில் ஒரு குழந்தை அழுவது கூட ரெண்டு கதவையும் தாண்டி வரவில்லை. பவர்லூம் வந்ததிலிருந்து எங்கள் தெரு அப்படி அடங்கி நான் கேட்டதில்லை.

அம்சா புடவைத் தலைப்பில் பஞ்சுத் தூசியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோதண்டம் பட்டனை அழுத்தி, பாடு என்று கையைக் காட்டினான்.

அவள் பாடவில்லை. காத்திருந்தாள். மறுபடியும் கையைக் காட்டினான். அவள் அவனைப் பார்த்து, மிஷினுக்கு நடுவில் நிற்கிற மாதிரியே, தொண்டையைக் கிழித்துக்கொண்டு சொன்னாள்:

"இன்னும் நிறுத்தலையே. தறி ஓடிகினே கீதே, உங்களுக்குக் கேக்கல? அண்ணன்கிட்ட போய்ச் சொல்லுங்க."

கோதண்டம் என்னைப் பார்த்தான். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் மெல்ல எழுந்தான். "ஆங், சொல்லிட்டு வரேன்" என்றான். அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையாட்டினாள்.

நான் பின்னாலேயே போனேன். அவன் நேராக ஜெகநாதன் வீட்டுக்குள் போய், நின்றுபோன ரெண்டு பவர்லூமுக்கும் நடுவில், அவள் தினமும் நிற்கிற இடத்தில் நின்றான். மிஷின் மேல் கையை வைத்தான். அண்ணன் வாசலில் தூங்கிக்கொண்டிருந்தார், அவரை எழுப்பவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து அவள் எதிரில் உட்கார்ந்து, "சொல்லிட்டேன், நிறுத்திடுவாங்க" என்றான். அவளும் சரி என்று காத்திருந்தாள். ரிக்கார்டர் சுற்றிக்கொண்டே இருந்தது, கேசட் தீர்ந்து பட்டன் தானாக எகிறும் வரை.

அப்புறம் கரண்ட் வந்தது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் தறிகள் அறையத் தொடங்கின, தரை அதிர்ந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்சாவின் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து காலில் அதிர்வு தெரிந்ததோ என்னவோ, எழுந்துகொண்டாள்.

"பாத்தீங்களா, அண்ணன் நிறுத்தவே மாட்டாரு" என்று கத்திச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.