சுகந்தி பேருக்கு ஓர் அர்ச்சனை

ஒன்பது வயதில் நான் ஒரு பெண்ணின் கதையை முடித்துவைக்கச் சொல்லிப் பிள்ளையாருக்கு அர்ச்சனை செய்திருக்கிறேன். அவள் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. சொல்லப்போனால் அவள் யாருக்குமே தீங்கு நினைக்காதவள்; அதுதான் அவளுடைய கஷ்டமே. பெயர் சுகந்தி. தினமும் மாலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டு டிவியில் வந்து, ஏழு மணிவரை அழுதுவிட்டுப் போவாள்.

மேற்கு மாம்பலத்தில் ஒரே வீட்டில் மாடியில் நாங்களும் கீழே பெரியப்பா குடும்பமும் இருந்தோம். அப்பாவும் பெரியப்பாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் மேட்சிங் பிளவுஸ் துணிக் கடை போட்டவர்கள். நாற்பது விதமான பச்சையைப் பெயர் சொல்லிப் பிரிக்கத் தெரிந்த அவர்கள், ரங்கநாதன் தெருக் கூட்டம் ஓய்ந்த பிறகுதான் வீடு திரும்புவார்கள். அதனால் எங்கள் சாயங்காலங்கள் முழுக்கப் பெண்களுடையவை.

அந்தப் பெண்கள் இருவரும், அதாவது அம்மாவும் பெரியம்மாவும், பேசிக்கொள்வதில்லை. ஊரில் ஒரு சித்தப்பா கல்யாணத்தில், மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலில் வந்து நின்றபோது, மூத்த மருமகளான பெரியம்மா உள்ளே பால் பழம் எடுக்கப் போயிருக்கிறார். யாரோ அவசரத்தில் ஆரத்தித் தட்டை அம்மா கையில் திணித்துவிட்டார்கள். அம்மாவும் சுற்றிவிட்டார். பெரியம்மா வெளியே வந்தபோது ஆரத்தி தெருவில் கொட்டப்பட்டிருந்தது. அன்றிலிருந்து பேச்சு நின்றது. அப்போது எனக்கு ஆறு வயது. ஆரத்தியை இன்னொரு தரம் கரைத்துச் சுற்றிவிட்டால் தீர்ந்தது என்பது என் அபிப்பிராயம். யாரும் என்னைக் கேட்கவில்லை.

அடுத்த மாதமே பெரியப்பா மகனான அண்ணன் ப்ளஸ் டூ போனான். பெரியப்பா கேபிளைப் பிடுங்கிவிட்டார். சுகந்தி அப்போதுதான் முதல் தடவையாக வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டிருந்தாள். அவள் எங்கே போய்த் தங்கினாள் என்று தெரியாமல் பெரியம்மாவால் இரண்டு நாள்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது. மூன்றாம் நாள் ஆறரைக்கு மாடியேறி வந்து, யாரையும் பார்க்காமல், சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். அம்மா காற்றாடியின் வேகத்தைக் கூட்டிவைத்தார். பிறகு அண்ணன் ப்ளஸ் டூ முடித்து, கல்லூரியிலும் சேர்ந்துவிட்டான். கீழே கேபிள் மட்டும் திரும்பி வரவில்லை. வேண்டும் என்று பெரியம்மாவும் கேட்கவில்லை.

இருவரும் சுகந்தியோடு மட்டும்தான் பேசுவார்கள். மற்றபடி ஏதாவது கேட்கவேண்டும் என்றால் நடுவில் நான். "சுண்டல் இன்னும் வேணுமான்னு உங்க பெரியம்மாட்ட கேளு" என்பார் அம்மா, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு. நான் கேட்பேன். "வேணாம்னு சொல்லு" என்பார் பெரியம்மா. நான் சொல்வேன். இந்த வேலைக்கு எனக்குச் சம்பளம் எதுவும் கிடையாது.

ஒருநாள் பெரியம்மா காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருந்தார். அம்மா டிவியைப் பார்த்து, "காய்ச்சலோட எந்திரிச்சு வரணும்னு இவளுக்கு என்ன தலையெழுத்து? மாத்திரையப் போட்டுட்டுப் படுத்துக் கெடந்தா என்னவாம்?" என்று கடிந்துகொண்டார். திரையில் சுகந்தி பட்டுப்புடவை கட்டிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "சுகந்திக்குக் காய்ச்சலே இல்லையேம்மா" என்றேன். தொடையில் ஒரு கிள்ளு கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் சோபா ஓரத்தில் சுக்குக் கஷாயம் வந்து உட்கார்ந்தது. அதைச் சுகந்தி குடிக்கவில்லை.

இவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே கட்சி. கதை முடிந்தால் போதும் என்பது. எனக்குப் பால்பல் விழும் முன்னே தொடங்கிய கதை, பல் விழுந்து முளைத்த பிறகும் நடந்துகொண்டிருந்தது. சுகந்திக்கு ஒருமுறை நினைவு தப்பி, எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. கணவனாக நடித்தவர் விலகிக்கொள்ள, 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போட்டு வேறொருவர் வந்து அதே கட்டிலில் படுத்தார். மாமியார் மட்டும் மாறவே இல்லை. தினமும் ஏழு மணிக்குப் பெரியம்மா பெருமூச்சு விடுவார்: "இந்தச் சனியன் எப்பத்தான் முடியுமோ?" அம்மா சமையலறையிலிருந்து அதே சனியனை அதே பெருமூச்சோடு எதிரொலிப்பார்.

நான் இதை நம்பினேன். இரண்டு பெரிய மனுஷிகள் ஒரு கதையில் மாட்டிக்கொண்டு வெளியே வரமுடியாமல் தவிக்கிறார்கள் என்றே நினைத்தேன். அவர்களைக் காப்பாற்ற எங்கள் வீட்டில் என்னைவிட்டால் ஆள் இல்லை. ஆறரை மணிக்கு வேறொரு சானலில் நல்ல கார்ட்டூன் வந்துகொண்டிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அரைப் பரீட்சை வந்தது. கணக்குக்கு முதல் நாள், தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் என் பேருக்கு அர்ச்சனை செய்துவரச் சொல்லி அம்மா அனுப்பினார். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, பேரும் நட்சத்திரமும் கேட்டார். அந்த நொடியில்தான் எனக்கு யோசனை உதித்தது. சுகந்தியின் நட்சத்திரம் ஊருக்கே தெரியும். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்பதுதானே அந்த வீட்டில் மொத்தச் சண்டையும்.

"சுகந்தி. ஆயில்யம். கடக ராசி" என்றேன். "அவங்க கதை சீக்கிரம் முடியணும்னு பண்ணுங்க."

குருக்கள் கையிலிருந்த பூ கீழே விழுந்தது. "சிவ சிவா! என்னடி கொழந்தே இது! கோவில்ல வந்து இப்படியா வேண்டிப்பா? யாரு அந்தச் சுகந்தி?"

"ஆறரை மணிக்கு வருவாங்க."

"எங்கே வருவா?"

"எங்க வீட்டுக்கு. எல்லார் வீட்டுக்கும்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அவளா! அவளாலதான் எங்காத்து மாமி சாயங்காலம் கோவில் பக்கமே வர்றதில்லே. இரு இரு, எங்காத்துக்காகவும் சேத்து வேண்டிக்கறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கடக ராசி, ஆயில்ய நட்சத்திரம், சுகந்தி நாமதேயஸ்ய என்று அவர் மணியடித்துச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அர்ச்சனையை விட்டுக்கொடுத்ததால் கணக்கில் நான் வாங்கிய மார்க்கைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

பிள்ளையார் ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். ஒருநாள் டிவியில் பெரிய எழுத்தில், 'இறுதிக் கட்டத்தை நோக்கி' என்று போட்டார்கள். நான் பெருமையில் விம்மினேன். யாரிடமும் சொல்லவில்லை, செய்த உபகாரத்தைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள்.

கடைசி நாளும் வந்தது. மாமியார் சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். இருவரும் கட்டிக்கொண்டார்கள். 'சுபம்' என்று எழுத்து வந்தது. நான் கைதட்டினேன். நான் ஒருத்திதான் தட்டினேன். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பெரியம்மா திரையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள முடிச்சுட்டானே" என்றார். "இன்னும் ஒரு ஆறு மாசம் இழுத்தா என்ன கொறஞ்சா போயிருவான்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர்களுக்காகக் கணக்குப் பரீட்சையையே தாரை வார்த்தவள் நான்.

பெரியம்மா எழுந்து புடவையை உதறிக்கொண்டார். வாசற்படிவரை போனவர், முதுகைக் காட்டியபடியே நின்று, "நாளைக்கு என்ன?" என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்பது தெளிவாக இல்லை. அம்மா காற்றாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் கேள்விகளெல்லாம் என் வழியாகத்தான் போகும் என்பதால், டிபனைத்தான் கேட்கிறார் என்று நினைத்து நானே பதில் சொன்னேன்.

"நாளைக்கு அடை, பெரியம்மா."

அம்மா அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு அடை பிடிக்கும், அவ்வளவுதான். பெரியம்மா "சரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் ஆறரைக்கு நான் ரிமோட்டை எடுத்தேன். கார்ட்டூன் வந்தது. அம்மா ஏற்கெனவே துடைத்த அலமாரியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். வீடு என்னவோபோல் இருந்தது. கார்ட்டூனும் நினைத்த அளவு நன்றாக இல்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டதும் அம்மாவின் துணி அப்படியே நின்றது.

பெரியம்மா கையில் தூக்குச்சட்டி. "அடைன்னு பிள்ளை சொல்லிச்சே. அவியல் வச்சுக் கொண்டாந்தேன்" என்றார். இதை அவர் என்னைப் பார்த்தும் சொல்லவில்லை, டிவியைப் பார்த்தும் சொல்லவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வீட்டில் ஒரு மணி அரிசிகூட ஊறவில்லை. அன்றைக்கு ரவை உப்புமா செய்வதாக இருந்தது.

"வாங்கக்கா" என்றார் அம்மா. "இப்பத்தான் ஊறப்போடப் போறேன். நேரமாகுமே."

"ஊறட்டும். எனக்கு என்ன அவசரம்?"

அம்மா அரிசியையும் பருப்பையும் மிளகாயையும் ஊறப்போட்டார். இரண்டு பேரும் சமையலறைத் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினார்கள். முதலில் சுகந்தியைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ஊரைப் பற்றி. தண்ணீர் குடிக்கிற சாக்கில் நான் உள்ளே போனபோது, "அந்த ஆரத்தித் தட்டை நானா கேட்டு வாங்கலக்கா" என்று அம்மா கீரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "தெரியும்ளா. அன்னைக்கே தெரியும்" என்றார் பெரியம்மா. அப்புறம் இருவரும் எதற்கோ சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

ஏழரை ஆயிற்று. எட்டும் ஆயிற்று. எனக்குப் பசி பொறுக்கவில்லை. ஊறிவிட்டதா என்று கேட்டேன். பெரியம்மா பாத்திரத்தில் கைவிட்டு ஓர் அரிசியை எடுத்துக் கடித்துப் பார்த்து, "இன்னும் ஊறணும்" என்றார். அம்மாவும் ஒன்றைக் கடித்துப் பார்த்து, "ஆமாக்கா, இன்னும் கொஞ்சம்" என்றார். அரைமணி கழித்து மறுபடி கேட்டேன். மறுபடி இருவரும் கடித்துப் பார்த்து அதையே சொன்னார்கள். பொறுக்கமாட்டாமல் நானே ஓர் அரிசியை எடுத்து வாயில் போட்டேன். பல் படுமுன்பே உடைந்தது.

"நல்லா ஊறிருச்சு!" என்று கத்தினேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. போய்ப் படி" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

போய்ப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாகச் சமைக்கிறவர்கள், அதுவும் இரண்டு பேர், அரிசி ஊறியதுகூடவா தெரியாமல் இருப்பார்கள் என்று எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது.