நண்டு காட்டிய கடைசி எண்

பிற்பகல் மூன்று நாற்பதுக்குத் தங்கையிடமிருந்து அழைப்பு வந்தது. நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில், ஒரு பெரியவருக்கு வலது கண்ணில் லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கே போய்விட்டது.

"எடுத்துப் பேசும்மா. என் கண்ணு எங்கேயும் ஓடிடாது" என்றார்.

எடுத்தேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அக்கா, அன்னிக்கு நான் அம்மாவுக்கு வெச்சுப் பாத்திருக்கேன். அது அம்மா நம்பர்தான்க்கா" என்றாள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான்கு மாதமாக அவள் எதைச் சுமந்துகொண்டிருந்தாள் என்பதே அப்புறம்தான் தெரிந்தது.

அம்மா தையல் கூடத்தில் இருபது வருடம் பஞ்சுத் தூசியோடு வாழ்ந்தவள். கடைசி ஒரு வருடம் மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஓயாமல் உறுமும் ஆக்சிஜன் இயந்திரம். விரலில் கவ்வி ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவிக்கு அவளே நண்டு என்று பெயர் வைத்தாள். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்கும் தங்கைக்கு வக்கீல் என்று பெயர் வைத்தவளும் அவள்தான். "நண்டு என்ன தீர்ப்பு சொல்லுது வக்கீலம்மா?" என்று படுத்தபடியே கேட்பாள்.

மணிக்கொரு தடவை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எண்பத்தெட்டுக்குக் கீழே இறங்கினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். நண்டை விற்ற கடைக்காரர் ஒன்று சொல்லியிருந்தார்: முதலில் உங்கள் விரலில் மாட்டிப் பாருங்கள், ஒழுங்காகக் காட்டினால் நோயாளிக்கு மாட்டுங்கள். நாங்கள் இரண்டு பேரும் அதை ஒரு நாளும் மீறியதில்லை.

அம்மா போன அன்று நான் கடையில் இருந்தேன். மூன்று மணிக்குத் தங்கை நோட்டில் தொண்ணூற்றாறு என்று எழுதியிருந்தாள். மூன்று இருபதுக்கு அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அம்மாவுக்கு வழக்கமாகத் தொண்ணூற்றிரண்டு, மூன்றுதான் காட்டும். நான் அந்தத் தொண்ணூற்றாறைப் பார்த்துவிட்டு, "கடைசியில நல்லாத்தான் இருந்திருக்காங்க, பாரு" என்று தங்கையின் தலையைத் தடவினேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

அந்த வார்த்தைதான் அவளை அரித்திருக்கிறது. தன் விரலில் மாட்டிப் பார்த்த எண்ணையே எழுதிவிட்டு, அம்மாதான் தூங்குகிறாளே என்று அவளுக்கு மாட்டாமலே விட்டுவிட்டோமோ? மாட்டியிருந்தால் எண்பது காட்டியிருக்குமோ? எவ்வளவு யோசித்தும் அந்த ஒரு நிமிடம் மட்டும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

வக்கீல் வாதாடுவதை நிறுத்திவிட்டாள். நான் சாம்பாரில் உப்பு மறந்த அன்றுகூட ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தாள். ஒரு பொறியியல் கல்லூரியில் நடக்கும் கோடைக்கால அறிவியல் தொழில்நுட்ப முகாமுக்குப் பள்ளியில் அவள் பெயரைக் கொடுத்திருந்தார்கள். முதலில் போகமாட்டேன் என்றாள். அறிவிப்புத் தாளைப் படித்த பிறகு, போகிறேன் என்றாள். மனம் தெளிந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். மூன்றாம் வாரத்தில் கருவிகளைத் திறந்து, அவற்றின் நினைவகத்தில் பதிந்திருப்பதைப் படிக்கக் கற்றுத்தருவார்கள் என்று அந்தத் தாளில் இருந்ததும், நண்டு ஒரு காலுறைக்குள் ஒளிந்து அவள் பெட்டியில் போனதும் எனக்குத் தெரியாது.

முகாமில் இருபத்துநான்கு பேர். முதல் வாரம் கம்பிகளை ஈயம் உருக்கி ஒட்டும் பற்றவைப்பு. மூன்று பேர் விரலில் கொப்புளம். இரண்டாம் வாரம் இவர்கள் செய்த குட்டி வண்டி சொன்ன பேச்சைக் கேட்காமல் விடுதிக் காப்பாளரின் நாற்காலிக்கு அடியில் புகுந்துகொண்டது. சொல்லிக்கொடுத்தவர் ஒரு பெண் பொறியாளர். எப்போதும் பற்றவைப்புப் புகைக்கு நடுவில் நிற்பதால் புகை மேடம். தங்கையின் அறைத்தோழி வாய் மூடாமல் பேசுவதால் ரேடியோ.

மூன்றாம் வாரம், என்னை அழைத்த அன்று, மதிய வகுப்பு தொடங்கும் முன் தங்கை முகம் கழுவப் போயிருக்கிறாள். மேசைமேல் இருந்த நண்டை ரேடியோ எடுத்து, "வாங்க வாங்க, இலவச வைத்திய முகாம்! யாருக்கு உயிர் இருக்கு, யாருக்கு இல்லன்னு பாத்துடலாம்!" என்று கூவ, வரிசை கட்டி விரலை நீட்டியிருக்கிறார்கள்.

தங்கை திரும்பி வந்து பார்த்தாள். "யாரும் விரல வைக்காதீங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் எல்லோரும் உறைந்துபோனார்களாம். நண்டின் நினைவகத்தில் இருபது பதிவுகளுக்குத்தான் இடம். புதிதாக ஒருவர் விரலை வைத்து எடுத்தால், பழையதில் ஒன்று அழிந்துவிடும்.

"எத்தனை பேர் வெச்சீங்க? சொல்லித் தொலைங்க!"

"பதினாலு பேருடி. எதுக்கு இப்படிக் கத்துற?" என்ற ரேடியோவுக்கே குரல் உள்ளே போய்விட்டது.

புகை மேடம் அவளைத் தனியாக ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார். அங்கேதான் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ஆறு பதிவு மிச்சம் இருக்கணும். உக்காரு, பாப்போம்" என்று கம்பிகளை இணைத்தார்.

திரையில் இருபது வரிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஆக்சிஜன் அளவு, பக்கத்திலேயே நாடித்துடிப்பு. கீழிருந்து பதினான்கு வரிகள் முகாம் பிள்ளைகளுடையவை. அதற்கு மேல் வரியில் தொண்ணூற்றாறு, நாடி நூற்றுப்பதினான்கு. அதற்கும் மேல் வரியில் தொண்ணூற்றெட்டு, நாடி எண்பத்திரண்டு.

"அம்மாவுக்கு நாடி எவ்வளவு இருக்கும்?"

"எப்பவும் நூத்திப்பத்துக்கு மேலதான் மேடம்."

"அப்ப இது உன் விரல் இல்ல."

"பதட்டத்துல எனக்கு ஏறியிருக்கலாமே?"

"சரி, அதுக்கு முந்தின வரி யாரோடது? அம்மாவுக்கு எண்பத்திரண்டு இருந்திருக்கா எப்பவாவது?"

தங்கை இல்லை என்று தலையாட்டினாள்.

"முதல்ல உனக்கு வெச்ச. அடுத்து அம்மாவுக்கு வெச்ச. பாத்ததைத்தான் எழுதின. வேற கேள்வி இருக்கா?"

இல்லை. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிவந்து என்னை அழைத்தாள்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்ததும் கையிலிருந்த லென்ஸை மேசையில் வைத்தேன். "லூசு. ஏண்டி இத்தனை நாள் என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"கடைசியில நல்லாத்தான் இருந்தாங்கன்னு நீ சொன்னல்ல. அது பொய்யாப் போயிட்டா நீ என்ன பண்ணுவ?"

ஒற்றைக் கண்ணுக்கு மட்டும் லென்ஸோடு உட்கார்ந்திருந்த பெரியவர், "நல்ல சேதியா?" என்று கேட்டார். "ஆமாங்க, ரொம்ப நல்ல சேதி" என்று சொல்லிவிட்டு அழுதேன். அம்மா போன பிறகு நெஞ்சு அடைக்காமல் அழுதது அன்றுதான்.

ராத்திரி எட்டு மணிக்கு ரேடியோ கூப்பிட்டாள். "அக்கா, உங்க தங்கச்சி அஞ்சு மணிக்குப் படுத்தவ. சாப்பிடவும் எழுந்திருக்கல. உலுக்கிப் பாத்தாச்சு, கும்பகர்ணன்கூட இந்நேரம் எழுந்திருப்பான். நிஜமாவே தூங்குறாளான்னு பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருக்கேன்."

"நாலு மாசத் தூக்கம் அது. தூங்கட்டும்மா, எழுப்பாதே" என்றேன்.

வகுப்புக்குப் போகும் முன் தங்கை விடுதிக் குளியலறையில் ஊறப்போட்டிருந்த இரண்டு சட்டைகளும் ஒரு துண்டும் மறுநாள் மதியம் அவள் தூங்கி எழும்வரை அலசப்படாமல் வாளியிலேயே கிடந்தன.